ஃபேனை நிறுத்தச் சொன்ன அக்கா

மதுரையில் சித்திரை மாதத்து மத்தியானத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஃபேனை நிறுத்துகிறவரை நல்லவர் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. முதல் நாள் எனக்கும் வரவில்லை.

“கோவிச்சுக்காதீங்க தம்பி. படம் எடுக்கிற வரைக்கும் ஃபேன் வேணாம். இலை ஆடும்” என்று சொல்லிவிட்டு அக்காவே எழுந்து போய் சுவிட்சை அணைத்தார். ஃபேன் மனமில்லாமல் சுற்றிச் சுற்றி நின்றது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எதிரே மேசைமேல் அகலமான கறுப்புப் பீங்கான் தட்டு ஒன்று. அதில் ஒரு காய்ந்த புளியங்கிளை, அதன் காலடியில் ஒரே ஒரு சம்பங்கித் தண்டு, ஓரமாக இரண்டு இலை. அவ்வளவுதான். இதைப் படம் பிடிக்கவா ஆரப்பாளையத்திலிருந்து கேமரா, லைட், ஸ்டாண்ட் எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு விளக்குத்தூண் பக்கத்துச் சந்துக்குள் நெளிந்து வந்தோம் என்று என் கூட்டாளி முத்துப்பாண்டியைப் பார்த்தேன். அவன் நின்றுபோன ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாப்ள, பூ இன்னும் வரலையோ?” என்று என் காதைக் கடித்தான்.

அக்காவின் காதிலும் விழுந்துவிட்டது. “வந்துருச்சு தம்பி. இதுதான்” என்றார்.

இகெபானா என்று அதற்குப் பெயர். ஜப்பான்காரர்கள் பூ வைக்கிற முறை. அக்கா வங்கியில் வேலை பார்த்தவர். சென்னைக்கு மாற்றலாகிப் போன வருடங்களில் அங்கே ஓர் அம்மாவிடம் இதைக் கற்றுக்கொண்டிருக்கிறார். மதுரைக்குத் திரும்பிய பிறகு, வீட்டில் வைக்கிற பூவைப் படம் எடுத்து அந்த அம்மாவுக்கு அனுப்ப வேண்டும். அவர் பார்த்துக் குறை நிறை சொல்வார். செல்போனில் எடுத்து அனுப்பியதற்கெல்லாம், கிளை முன்னால் வருகிறதா பின்னால் போகிறதா என்றே தெரியவில்லை என்று பதில் வந்திருக்கிறது. அதனால்தான் கல்யாண போட்டோ எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த எங்களைப் பிடித்தார்.

பூவை வைத்தவர் எங்கே உட்கார்ந்து வைத்தாரோ அங்கேதான் கேமராவின் கண்ணும் இருக்க வேண்டும். ஃப்ளாஷ் கூடாது. ஜன்னல் வெளிச்சம் மட்டும். வெளிச்சம் குறைவு என்பதால் கேமராக் கண்ணைக் கொஞ்ச நேரம் கூடுதலாகத் திறந்து வைக்க வேண்டியிருக்கும். அதற்குள் ஓர் இலை அசைந்தாலும் படம் கலங்கிப் போகும். அதற்குத்தான் ஃபேனை நிறுத்துவது. பூவுக்குப் பின்னால் திரையாக, அக்காவின் வீட்டுக்காரருடைய வெள்ளை வேட்டி, கரை வெளியே தெரியாதபடி மடிக்கப்பட்டுத் தொங்கியது.

நான் கல்யாண வீட்டுக் கை. அழுத்த ஆரம்பித்தால் நிற்காது. அன்றும் படபடவென்று ஆரம்பித்தேன்.

“எதுக்குத் தம்பி இம்புட்டு?”

“நெறைய எடுத்து வச்சுக்கிட்டா ஒண்ணாவது நல்லா விழும்க்கா. தொழிலே அதுதான்.”

“பூவ நான் ஒரு தடவதான் வைக்கிறேன். நீங்களும் ஒரு தடவ எடுங்க. பாத்து எடுங்க.”

சரி, பார்த்து எடுப்போம் என்று குனிந்து ஃபோகஸ் சரிசெய்துகொண்டிருந்தபோது அக்கா எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார். அந்த நேரம் பார்த்து அவருடைய வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்து சேர்ந்தார். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஜவுளிக்கடைக்காரர். பல தலைமுறைகளுக்கு முன் குஜராத் பக்கத்திலிருந்து வந்து மதுரையோடு கலந்துவிட்ட குடும்பம். இருவரும் தங்களுக்குள் வீட்டுப் பாஷையில் பேசிக்கொள்வார்கள், சண்டையும் அதில்தான். எங்கள் பக்கம் திரும்பினால் மதுரைத் தமிழ். அண்ணனுக்கு எதுவும் தாராளமாக இருக்க வேண்டும். மூன்று பேருக்கு டீ சொல்லச் சொன்னால் ஆறு பேருக்குச் சொல்லுகிற ஆள்.

மேசையைப் பார்த்தவர் உச்சுக் கொட்டினார். “மொட்டையா நிக்குதே, பாவம்” என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்து அந்தக் காய்ந்த கிளையில் சுற்ற ஆரம்பித்துவிட்டார். தடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கும் அந்தக் கிளை பாவமாகத்தான் தெரிந்தது. விரல் பழக்கத்தில் அழுத்திவிட்டது. அவர் கையும் மல்லிகையும் சேர்ந்து படத்தில் விழுந்தன.

அக்கா தண்ணீரோடு வந்தார். பார்த்தார். செம்பைக் கீழே வைத்துவிட்டு, கிளை அசையாமல் சரத்தைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவருக்கு வேண்டியதும் நடந்துவிட்டது, அக்காவுக்கு வேண்டியதும் நடந்துவிட்டது. இருபது வருடக் கல்யாண வீடுகளில் நான் எத்தனையோ தம்பதிகளைச் சேர்த்து நிறுத்திப் படம் எடுத்திருக்கிறேன். சண்டையை இவ்வளவு அழகாக முடித்த ஜோடியை அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு ஒரு படம் எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் அதையும், அதற்கு முன் விழுந்த மல்லிகைக் கையையும் பார்த்துவிட்டு, “போதும்” என்றார் அக்கா. “மத்ததெல்லாம் அழிச்சிருங்க தம்பி. ஒண்ணு இருந்தா போதும்.”

அழிக்கிறேன் என்று தலையாட்டினேன். எங்கள் ஸ்டூடியோவில் எதையும் அழிக்கிற வழக்கம் இல்லை. கல்யாணம் முடிந்து வருடக்கணக்கில் கழித்து, “எங்க மாமா அந்தக் கல்யாணத்துல பந்தியில உக்காந்திருந்தாரு, அவரோட நல்ல போட்டோ ஒண்ணுகூட வீட்ல இல்ல, இருக்காண்ணே?” என்று வந்து நிற்பார்கள். அதனால் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கொட்டிவைத்திருப்போம்.

இந்தப் ‘போதும்’ என்ற சொல்தான் அக்கா. அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால், “பேரு எதுக்குத் தம்பி, அக்கான்னா போதாதா?” என்றுதான் கேட்பார். அந்த ஒரு சொல்லை அவர் சொல்லிவிடக் கூடாதே என்று நான் ஒரு நாள் காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று உள்ளுக்குள் கதறியிருக்கிறேன். அதைச் சொல்ல வேண்டுமானால், அவர் போதும் என்று சொல்கிற விதத்தை முதலில் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊர் எழுமலையில் என் தங்கை மகனுக்குக் காது குத்து. அக்காவும் அண்ணனும் அழைப்பை மதித்து வந்தார்கள். எங்கள் பக்கத்துப் பந்தியில் ஒருவர் போதும் என்று சொன்னால் நிறுத்தக் கூடாது. இன்னும் இரண்டு கரண்டி வைக்க வேண்டும். அவரும் ஐயோ ஐயோ என்று சொல்லிக்கொண்டே சாப்பிட வேண்டும். அப்போதுதான் விருந்து நடந்ததாக அர்த்தம். என் அம்மா பாயச வாளியோடு வந்தார். அக்கா இலைக்கு மேலே கையை நீட்டி, “போதும்மா” என்றார். அம்மா அதை வழக்கமான போதும் என்று நினைத்துச் சாய்த்துவிட்டார். பாயசம் அக்காவின் புறங்கையில் விழுந்து முழங்கை வரை ஓடியது. நல்லவேளை, ஆறின பாயசம். அக்கா கையை விலக்கவே இல்லை. “போதும்னு சொன்னேனேம்மா” என்று சிரித்தார். பக்கத்து இலையிலிருந்து அண்ணன், “அவ கணக்கையும் என் இலையில ஊத்துங்க” என்றார்.

அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டே அம்மா சொன்னார்: “அந்தம்மா போதும்னா போதும்தான்டா. நம்ம சனம் மாதிரி இல்ல.”

திருவாதவூர்க் கண்மாய்க்கு ஒருமுறை போனோம். தாமரை இலை வேண்டும், அதிலும் பூச்சி அரித்து ஓட்டை விழுந்த இலை வேண்டும் என்றார். கண்மாயில் இறங்கின ஆள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு நல்ல இலையாகப் பறித்துக் கட்டுக் கட்டாகத் தூக்கிக் காட்டினார். அக்கா கரையில் நின்று, அந்த ஓரத்தில் கிழிந்து கிடக்கிற இலையையும் பக்கத்தில் உள்ள மொட்டையும் கேட்டார். பிறகு, “போதுண்ணே, ஏறி வாங்க” என்றார்.

“ஒத்த இலைக்கா இம்புட்டு தூரம் கார் போட்டு வந்தீக? அதுவும் பொத்த இலைக்கு?” அந்த ஆளுக்குக் கோபமே வந்துவிட்டது.

அந்த இலையை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஊசிகள் நட்ட ஈயக்கட்டியில் குத்தி நிறுத்தி, அக்கா பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். ஃபேன் நின்றது. ஜன்னல் வெளிச்சம் அந்த ஓட்டை வழியாக மொட்டின்மேல் விழுந்தது. ஒரே படம்தான் எடுத்தேன். எடுக்கும்போது எனக்கே இரண்டாவது எடுக்கத் தோன்றவில்லை. ஜப்பானைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அதன் பிறகு கல்யாண மேடைகளில், பின்னால் ஓர் அங்குலம் இடமில்லாமல் அடைத்துக் கட்டியிருக்கும் பூச்சுவரைப் பார்த்தால் எனக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. முத்துப்பாண்டி, “உனக்கும் தொத்திக்கிருச்சு மாப்ள” என்றான்.

வங்கி வேலையையும் அக்கா அப்படித்தான் விட்டிருக்கிறார். பதவி உயர்வு தருகிறோம் என்று கூப்பிட்ட அன்றைக்கே, போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாராம். ஒரே மகள். ஆண் பிள்ளை வேண்டாமா என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கும் அதே பதில். கேட்கக் கேட்க ஒரு பக்கம் ஆசையாகவும் இருக்கும், இன்னொரு பக்கம் கொஞ்சம் பயமாகவும் இருக்கும். எங்கே நிறுத்த வேண்டும் என்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்த மனிதரோடு வாழ்வது லேசில்லை.

அதை அண்ணனே ஒரு நாள் சொன்னார். அக்கா பின்கட்டில் தண்ணீருக்குள் வைத்துத் தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். மேசையில் பாதி வைத்த கிளை ஆடக் கூடாதென்று நாங்கள் ஃபேன் இல்லாமல் வியர்த்து உட்கார்ந்திருந்தோம். அண்ணன் துண்டால் விசிறிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

“எங்க அத்தை, அதான் இவ அம்மா, ரொம்ப முடியாம ஆஸ்பத்திரில கெடந்தாங்க. இன்னும் ஒரு வைத்தியம் இருக்குன்னு டாக்டர் சொன்னாரு. நாங்கெல்லாம் முழிச்சுக்கிட்டு நிக்கிறோம். இவதான் போதும் டாக்டர்னு சொல்லி வீட்டுக்குக் கூட்டியாந்தா. மடியில தலைய வச்சுக்கிட்டு அனுப்பி வச்சா. சரியாத்தான் செஞ்சா. நான் தப்பு சொல்லல.”

கொஞ்ச நேரம் விசிறினார்.

“ஆனா எனக்கு அப்படிச் சொல்லிறாதடின்னு சொல்லி வச்சிருக்கேன். எனக்குன்னு வந்தா அம்புட்டையும் பாத்துரணும். நீங்கதான் தம்பி சாட்சி!”

சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா உள்ளிருந்து, “ஆடாம உக்காந்திருக்கீங்களா ரெண்டு பேரும்?” என்று குரல் கொடுத்தார்.

அடுத்த வருடம் ஆடி மாதம் என்று நினைவு. காலையில் ஸ்டூடியோவைத் திறந்துகொண்டிருந்தேன். முத்துப்பாண்டி பைக்கை நிறுத்தாமலே கத்தினான். “மாப்ள, அண்ணன் கடையிலேயே விழுந்துட்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போவோம், ஏறு.”

மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. பேச்சு மூச்சில்லை. மகள் கோயம்புத்தூரிலிருந்து புறப்பட்டு வந்துகொண்டிருந்தார். வராந்தாவில் அக்காவும் அண்ணனுடைய தம்பியும் மட்டும் நின்றார்கள். அக்கா தலையில் முந்தின நாள் மல்லிகை வாடிப்போய் இருந்தது. டாக்டர் வந்து பொறுமையாகத்தான் சொன்னார். மண்டையைத் திறந்து அழுத்தத்தைக் குறைக்கலாம். பிழைப்பாரா என்று இப்போது சொல்ல முடியாது. பிழைத்தாலும் கை கால் எப்படி இருக்கும், பேச்சு வருமா, எதுவும் தெரியாது. வேண்டாம் என்றால் சிரமப்படுத்தாமல் பார்த்துக்கொள்ளலாம். யோசித்துச் சீக்கிரம் சொல்லுங்கள் என்றார்.

அண்ணனுடைய தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவிடம் தமிழிலேயே சொன்னார். “அண்ணி, அண்ணன் படுத்த படுக்கையாக் கெடந்தா தாங்கமாட்டாரு. வெட்டிக் கூறு போட வேணாம். போதும்னு தோணுது எனக்கு. நீங்க சொல்றதுதான்.”

போதும் என்ற சொல்லை இன்னொருவர் வாயில் கேட்டதும் நான் அக்காவின் வாயைத்தான் பார்த்தேன். பூ வைத்து முடித்த பிறகு பின்னால் சாய்ந்து பார்ப்பாரே, அதே மாதிரி அக்கா சுவரில் சாய்ந்துகொண்டார். அவருடைய அம்மாவுக்கு எடுத்த முடிவு எனக்கு நினைவு வந்தது. நீங்கதான் தம்பி சாட்சி என்று அண்ணன் துண்டால் விசிறினது நினைவு வந்தது. சாட்சியான நான் பேச வேண்டிய நேரம் அது. ஆனால் நான் யார்? போட்டோக்காரன். அந்தம்மா போதும்னா போதும்தான்டா என்ற என் அம்மாவின் குரல்தான் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. எழுமலையிலிருந்து மதுரை வரைக்கும் வழியில் உள்ள அத்தனை சாமியையும் கூப்பிட்டுவிட்டு, “அக்கா, அண்ணன் ஒரு நாள் எங்கிட்ட…” என்று ஆரம்பித்தேன்.

அவர் என் பேச்சைக் கேட்டதாகவே தெரியவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

“தம்பி, மொத நாள் அவரு கை விழுந்துச்சே ஒரு படம். மல்லியப்பூவோட. அத அழிச்சிட்டீங்களா?”

“இல்லக்கா.”

“நான் அழிக்கச் சொன்னேனே.”

“எதையுமே அழிக்கலக்கா. எல்லாமே இருக்கு.”

அக்கா கண்ணை மூடினார். மூடின கண்ணிலிருந்து நீர் வழிந்தது. எனக்குத் தெரிந்து அவர் அழுதது அப்போதுதான். கண்ணைத் திறந்ததும் நேராக டாக்டரின் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்ததால் எனக்கு நன்றாகக் கேட்டது.

“ஆப்பரேஷன் பண்ணுங்க டாக்டர். அதுக்கப்புறமும் ஏதாச்சும் இருந்தா அதையும் பண்ணுங்க. எங்கிட்டக் கேக்க வேணாம். இருக்கிறது அம்புட்டையும் பாத்துருங்க.”

அண்ணன் சொன்ன அதே சொல்! நான் சாட்சி சொல்லத் தேவையே இல்லாமல் போய்விட்டது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முத்துப்பாண்டி பயந்துபோய், “மாப்ள, உனக்கென்னடா?” என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்தான்.

உயிர் அவ்வளவு சுலபமாகத் திரும்பி வரவில்லை. ஆப்பரேஷன் முடிந்தும் அண்ணன் கண் திறக்கவில்லை. பிறகு காய்ச்சல், பிறகு நெஞ்சில் சளி. ஒவ்வொன்றுக்கும் ஒருவர் வந்து, இனி எதற்கு என்று அக்காவிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போவார். அக்கா கேட்டுக்கொள்வார். பிறகு நர்ஸிடம், “அடுத்து என்னம்மா?” என்று கேட்பார். அக்கா பெரிய படமாகப் போட்டுத் தரச் சொன்னதால், அந்த மல்லிகைக் கை படத்தை நான் பிரிண்ட் போட்டுக் கொடுத்திருந்தேன். மகள் அதைக் கட்டிலுக்கு நேரே ஒட்டிவைத்தார்.

ஒரு நாள் காலையில் மகளிடமிருந்து போன் வந்தது. அப்பா கண்ணைத் திறந்து சுவரில் இருந்த படத்தையே பார்த்தாராம். பிறகு வாய் கோணக் கோண ஏதோ சொன்னாராம். குனிந்து கேட்டால், வியர்க்கிறது, ஃபேனைப் போடு என்கிறாராம். எனக்கு ஸ்டூடியோவிலேயே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டன. பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்திருந்த ஆள், “என்ன சார், நான் அப்புறமா வரட்டுமா?” என்று எழுந்துவிட்டார். அன்றைக்குத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் நானே டீ வாங்கிக் கொடுத்தேன். அண்ணன் பாணியில் ஆளுக்கு இரண்டு.

தை முடிந்து வெயில் ஏற ஆரம்பித்த சமயம் அக்கா கூப்பிட்டார். “தம்பி, கேமராவ எடுத்துட்டு வாங்க. பூ வச்சிருக்கேன்.”

அதே அறை. பின்னால் அதே வேட்டி. மேசையில் ஒரு முருங்கைக் கிளை வளைந்து நின்றது. சின்னச் சின்ன இலைகள் கொண்ட கிளை, லேசான காற்றுக்கே துடிக்கும். கீழே ஒரே ஒரு செவ்வரளி. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் அசையாமல் கிடந்தது. தலையில் முடி இப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கினார். மடியில் ஒரு பொட்டலம் இருந்தது.

நான் கேமராவை நிறுத்தி, ஃபோகஸ் பார்த்து, பழக்கப்படி எழுந்துபோய் ஃபேனை அணைத்தேன். அந்தச் சமயத்தில் அண்ணன் பொட்டலத்தை இடது கையாலேயே பிரித்து, மல்லிகைச் சரத்தைக் கிளையில் போடப் பார்த்தார். கை எட்டவில்லை. சரம் நழுவி, தட்டின் விளிம்பில் பாதியும் மேசையில் பாதியுமாக விழுந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வார் என்று காத்திருந்தேன்.

அக்கா எடுக்கவில்லை. சரம் விழுந்த மாதிரியே கிடந்தது. அண்ணனின் நெற்றியில் வியர்வை பூத்திருப்பதைப் பார்த்தவர், எழுந்து போய் சுவிட்சைத் தட்டினார். ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. முருங்கை இலைகள் மொத்தமும் துடித்தன. பின்னால் தொங்கின வேட்டி ஆடி, மடித்து மறைத்த கரை வெளியே வந்தது.

“அக்கா, இலை ஆடுதே” என்றேன். “படம் விழாதுக்கா.”

“ஆடுனா ஆடட்டும் தம்பி. நெறைய எடுங்க. ஒண்ணாவது நல்லா விழும்.”

அவருக்கு நான் சொன்ன பாடத்தை அவர் எனக்கே திருப்பிச் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு கல்யாண வீட்டில் அழுத்துகிற மாதிரி அழுத்தித் தள்ளினேன். அண்ணன் கோணின வாயோடு சிரித்துக்கொண்டே இருந்தார். அக்கா அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார், போதும் என்று சொல்லவே இல்லை. கடைசியில் கேமராவின் பேட்டரிதான் தீர்ந்தது.

சில மாதங்கள் கழித்து வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு கோயம்புத்தூருக்குப் போனார்கள். அண்ணன் இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார் என்று கேள்வி. புறப்படுவதற்கு முன் அக்கா ஸ்டூடியோவுக்கு வந்து அன்றைக்கு எடுத்த படங்களைக் கேட்டார். நான் எல்லாவற்றையும் திரையில் ஓடவிட்டுக் காட்டினேன். ஒன்றில்கூட ஓர் இலை தெளிவாக இல்லை. பச்சையாக ஏதோ கலங்கித் தெரிந்தது, அவ்வளவுதான்.

“ஒண்ணும் சரியா விழலக்கா. எதைப் பிரிண்ட் போடட்டும்?” என்று கேட்டேன்.

“எல்லாத்தையும் போடுங்க” என்றார்.